சிறு விமானத்துக்கு எந்த பிரேக் ஆயில்? முதலில் ரப்பரைப் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். நீங்கள் இரண்டு இருக்கை கொண்ட சிறு விமானம் ஒன்றை வீட்டிலேயே கட்டுகிறீர்கள். வேறொருவர் பாதியில் விட்ட கிட்டை வாங்கியதால் பிரேக்குக்கான கையேடு உடன் வரவில்லை. சக்கரத்தில் இருக்கும் காலிபர், அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம், விமானத்துக்கென்றே செய்தது. பெடலோடு இணைந்து ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பைக் மெக்கானிக் ஒருவர் டாட் 4 ஊற்றச் சொல்கிறார். விமானம் வைத்திருக்கும் நண்பர் சிவப்பு ஆயில்தான் என்கிறார். மூன்றாமவர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை ஊற்றி வருடக்கணக்கில் பறப்பதாகச் சொல்கிறார். இதில் யார் பேச்சைக் கேட்பது?

மூன்று பேருமே தங்கள் கையில் இருக்கும் பிரேக்கைப் பொறுத்தவரை உண்மையைச் சொல்லியிருக்கலாம். அது உங்கள் பிரேக்குக்குப் பொருந்துமா என்பதற்கு அவர்கள் யாரும் பொறுப்பில்லை. எந்த ஆயில் என்பதை உள்ளே இருக்கும் ரப்பர் முடிவு செய்கிறது. காலிபர் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ஓ-ரிங் என்ற வளையம், மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் கசியாமல் அடைக்கும் சீல், பார்க்கிங் வால்வு இருந்தால் அதன் வளையங்கள், வளையும் குழாயின் உட்புறம் ஆகிய எல்லாம் எந்த ரப்பரால் ஆனவை என்று தெரியாமல் ஆயில் டப்பாவைத் திறக்காதீர்கள். இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தவறான ஆயில் ஊற்றிய அன்று எல்லாமே நன்றாக இருக்கும். பெடல் கெட்டியாக நிற்கும், விமானமும் சொன்ன இடத்தில் நிற்கும். கோளாறு தலைகாட்ட நாட்களோ வாரங்களோ ஆகும். அதற்குள் நீங்கள் அந்த பிரேக்கை நம்பிப் பறக்கத் தொடங்கியிருப்பீர்கள்.

பிரேக் ஆயில்களை முதலில் இரண்டு குடும்பங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று பெட்ரோலிய வழியில் வந்தது. விமானக்காரர்கள் சிவப்பு ஆயில் என்பது இதைத்தான். மில்-ஹெச்-5606 என்ற அமெரிக்க ராணுவத் தர எண்ணால் இது அறியப்படுகிறது. இப்போதைய பெயர் மில்-பிஆர்எஃப்-5606. ஏரோஷெல் ஃப்ளூயிட் 41, ராய்கோ 756 ஆகியவை இந்த வகை. இதற்கு ஏற்ற ரப்பர் நைட்ரைல். இன்னொரு குடும்பம் கிளைகால் ஈதரை அடிப்படையாகக் கொண்டது. கார், பைக்குகளில் ஊற்றும் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் இதில் சேரும். இவற்றுக்கு ஏற்றது ஈபிடிஎம் எனப்படும் எத்திலீன் புரோப்பிலீன் ரப்பர். ஒரு குடும்பத்தின் ஆயில் மற்றக் குடும்பத்தின் ரப்பருக்கு ஆகவே ஆகாது.

ஆயிலும் ரப்பரும் எப்போதுமே ஜோடியாகத்தான் வந்திருக்கின்றன. பழைய விமானங்களில் ஆமணக்கு எண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த நீல நிறத் திரவம் ஓடியது. அவற்றின் சீல்கள் இயற்கை ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிவிடும் என்பதால் சிவப்பு ஆயிலோடு செயற்கை ரப்பர் சீல்களும் வந்தன. பெரிய பயணிகள் ஜெட்களில் ஓடும் ஸ்கைட்ரால் என்ற ஊதா நிற பாஸ்பேட் எஸ்டருக்கு நைட்ரைல் ஒத்துவராது, வேறு ரப்பர் வேண்டும். அது பெயிண்டையும் கரைக்கும், கண்ணில் பட்டால் தாங்க முடியாமல் எரியும். ஜெட் பராமரிப்பில் இருக்கும் யாராவது அன்பாகக் கொண்டுவந்து கொடுத்தாலும் உங்கள் பட்டறைக்குள் விடாதீர்கள்.

நான் முதன்முதலில் இதை நம்பியது படித்து அல்ல, பார்த்து. இரண்டு சிறிய கண்ணாடிப் பாட்டில்களில் சிவப்பு ஆயில் ஊற்றி, ஒன்றில் நைட்ரைல் ஓ-ரிங்கையும் மற்றதில் அதே அளவுள்ள ஈபிடிஎம் ஓ-ரிங்கையும் போட்டு வைத்தேன். போடும்போது இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே பருமன். மாற்றி வைத்தால் எனக்கே தெரிந்திருக்காது. ஒரு வாரம் கழித்து எடுத்தபோது நைட்ரைல் வளையம் போட்டபடியே இருந்தது. ஈபிடிஎம் வளையம் கண்ணால் பார்த்தே சொல்லும்படி பெருத்திருந்தது. விரலால் நசுக்கினால் வேகவைத்ததுபோல் குழைந்தது. காலிபரின் பள்ளத்தில் வைத்துப் பார்த்தேன், உட்காரவே இல்லை. ஒரு பக்கத்தை அழுத்தினால் மறுபக்கம் எழும்பியது. அந்த வளையம் பிஸ்டனைச் சுற்றி இருந்திருந்தால் பிஸ்டனை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். மாஸ்டர் சிலிண்டரில் இருந்திருந்தால் ஆயில் திரும்பிப் போக வேண்டிய சிறு துளையை அடைத்திருக்கும். அப்படி அடைபட்டால் காலை எடுத்த பிறகும் பிரேக் விடாது. பிரேக் பிடித்தபடியே ஓட, டிஸ்க் சூடேறும். சூட்டில் ஆயில் விரியும். விரிந்த ஆயிலுக்குத் திரும்ப வழியில்லாததால் பிரேக் இன்னும் இறுகும். உங்களிடம் உபரி சீல் இருந்தால் இந்தச் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள்.

எதிர்ப்பக்கத் தவறு, அதாவது நைட்ரைல் ரப்பர் உள்ள சிஸ்டத்தில் டாட் ஆயில் ஊற்றுவது, மெதுவாக வேலை செய்யும். நான் உதவப் போன ஒரு விமானத்தில் அப்படித்தான் நடந்தது. ஆயில் மட்டம் கொஞ்சம் குறைந்திருந்ததால், பக்கத்தில் இருந்த டாட் 4 டப்பாவிலிருந்து சில கரண்டி அளவு ஊற்றியிருக்கிறார்கள். சில வாரங்கள் எதுவும் தெரியவில்லை. பிறகு பெடலை மிதித்து அப்படியே வைத்திருந்தால் அது மெல்ல மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. பிரித்தபோது ஓ-ரிங் மெத்தென்று ஊறிப்போய், தொட்ட விரலில் மை போலக் கறுப்பை ஒட்டியது. சில கரண்டி ஆயிலுக்காக இரண்டு காலிபர், இரண்டு மாஸ்டர் சிலிண்டர், வால்வு, குழாய்கள் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதாயிற்று. உலோகப் பாகங்களைக் கழுவிக் காற்றடித்து உலர்த்தி, ஒரு ரப்பரைக்கூட மிச்சம் வைக்காமல் மாற்றினோம். தவறான ஆயிலில் நனைந்த ரப்பரைக் காயவைத்து மறுபடி போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. அது உறிஞ்சியது உள்ளேயே இருக்கும்.

இப்போது உங்கள் நிலைமைக்கு வருவோம். எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் மாஸ்டர் சிலிண்டர்தான். காலிபர் விமானத்துக்கானது என்றால் அதில் பெரும்பாலும் நைட்ரைல் இருக்கும். மாஸ்டர் சிலிண்டர் பைக்கிலிருந்தோ கோ-கார்ட்டிலிருந்தோ வந்திருந்தால் அதில் பெரும்பாலும் ஈபிடிஎம் இருக்கும். இரண்டையும் குழாயால் இணைத்துவிட்டால் அந்த சிஸ்டத்துக்குச் சரியான ஆயில் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. எதை ஊற்றினாலும் ஒரு முனை கெடும். இப்படிப்பட்ட கலவைச் சிஸ்டத்தில் ஆயிலைப் பற்றி விவாதித்துப் பயனில்லை. முதலில் இரு முனையிலும் ஒரே குடும்ப ரப்பர் வர வேண்டும்.

பெரும்பாலும் என்று இரண்டு முறை சொன்னேன். ஏனென்றால் விதிவிலக்குகள் உண்டு. சில தயாரிப்பாளர்கள் விமான பிரேக்குகளையே டாட் 4-க்கு ஏற்ற சீல்களோடு தருகிறார்கள். லேசான மைக்ரோலைட் விமானங்களில் பைக் பிரேக்கை அப்படியே பொருத்தி, டாட் 4 ஊற்றி, எந்தக் குறையும் இல்லாமல் ஓட்டுகிறார்கள். அங்கே எல்லா ரப்பரும் ஈபிடிஎம், ஆகவே அது சரியான தேர்வு. விமானம் என்பதாலேயே சிவப்பு ஆயிலை ஊற்றினால் அந்த பிரேக் நாசமாகும்.

ரப்பரைக் கண்ணால் பார்த்து அடையாளம் காண முடியாது. பாகத்தின் மேல் பொறித்த எண்ணைத் தேடி, தயாரிப்பாளரின் பட்டியலில் ஒப்பிடுவதே முதல் வழி. ஓ-ரிங் விமானப் பொட்டலத்தில் வந்து அதில் எம்எஸ் 28775 என்ற எண் தொடர் இருந்தால் அது சிவப்பு ஆயிலுக்கான நைட்ரைல். இங்கே பலர் தடுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. ஓ-ரிங்குகளுக்கு ஏஎஸ் 568 என்ற தரத்தில் அளவு எண்கள் உண்டு. 210 என்றோ 218 என்றோ சொன்னால் அது விட்டத்தையும் பருமனையும் மட்டுமே குறிக்கும்; எந்த ரப்பர் என்பதை அந்த எண் சொல்லாது. அளவு பொருந்துகிறது என்று வாங்கிப் போட்ட வளையம் எந்த ரப்பராகவும் இருக்கலாம். எண் எதுவும் கிடைக்காத மாஸ்டர் சிலிண்டர் என்றால், அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் சீல்களை எறிந்துவிட்டு, என்ன ரப்பர் என்று உறுதியாகத் தெரிந்த புதிய சீல்களைப் போடுங்கள். அந்த அளவில் நைட்ரைல் சீல் கிடைக்கவில்லையா, மாஸ்டர் சிலிண்டரையே மாற்றிவிடுங்கள். விமானம் முழுவதற்கும் நீங்கள் செலவிடும் உழைப்பில் இது ஒரு மூலைக்கு வராது.

முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே ஏதோ ஊற்றி வைத்திருந்தால் அது என்னவென்று கண்டுபிடிக்க நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பு என்றால் 5606 ஆக இருக்கலாம், கியர்பாக்ஸ் ஆயிலாகவும் இருக்கலாம். பழசாகிச் சாயம் வெளுத்த 5606, வைக்கோல் நிறத்துக்கு வந்து டாட் 4 போலவே தோன்றும். ஊதா என்றால் சிலிகோன் ஆயிலாக இருக்கலாம், ஸ்கைட்ராலாகவும் இருக்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, காலிபரில் காற்றையும் ஆயிலையும் வெளியேற்ற இருக்கும் ப்ளீடர் திருகிலிருந்து எடுத்த ஆயிலைச் சில துளிகள் விடுங்கள். டாட் 3, டாட் 4 என்றால் தண்ணீரில் கரைந்து காணாமல் போகும். பெட்ரோலிய ஆயில் என்றால் மேலே கண்கண்ணாக மிதக்கும். சிலிகோனும் கரையாது. இந்தச் சோதனை கிளைகால் குடும்பமா இல்லையா என்பதைச் சொல்லும். குறிப்பாக எந்த ஆயில் என்பதைச் சொல்லாது. ஆனாலும் பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும். இன்னொன்று, உள்ளே ஓர் ஆயில் இருக்கிறது என்பதால் அதுதான் சரியான ஆயில் என்று ஆகிவிடாது. முந்தையவரும் தவறியிருக்கலாம்.

ரப்பர் முடிவாகிவிட்டது, இரு முனையும் நைட்ரைல் என்று வைத்துக்கொள்வோம். தேர்வு செய்யும் சுதந்திரம் உங்களுக்கு இருந்தால் நானும் அந்த வழியையே சொல்வேன். கிளைகால் ஆயில் ஈரத்தை இழுக்கும். தினமும் ஓடும் காருக்கே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். நம் விமானங்கள் மாதக்கணக்கில் அசையாமல் நிற்பவை. பிரேக்கின் ஆயில் தொட்டி மூடியில் காற்றுத் துளை வேறு இருக்கிறது. தர விதிப்படி புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் இழுத்த பிறகு அந்த எல்லை 140 டிகிரி. டாட் 4-க்கு 230, ஈரத்தோடு 155. டாட் 5.1-க்கு 260, ஈரத்தோடு 180. டப்பாவில் பெரிய எழுத்தில் இருக்கும் எண் புதிய ஆயிலுக்கானது. ஒரு மழைக்காலம் கொட்டகையில் நின்ற விமானத்துக்கு இரண்டாவது எண்தான் கணக்கு. கொதித்தால் உள்ளே ஆவிக்குமிழ் உண்டாகும், பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரைவரை போகும். இழுத்த ஈரம் அலுமினியக் காலிபரின் உட்சுவரையும் அரித்துக் குழி போடும். போதாததற்கு, டாட் ஆயில் பெயிண்டை உரித்துவிடும். ஒரு துளி கசிந்து விமானத்தின் அடிவயிற்றில் ஓடினால் அந்தத் தடம் அப்படியே நிற்கும். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் தப்பிக்கலாம்.

சிவப்பு ஆயில் ஈரத்தை இப்படி இழுப்பதில்லை, பெயிண்டை உரிப்பதில்லை. மைனஸ் 54 டிகிரியிலும் ஓடும் அளவுக்கு நீர்மையாக இருக்கும். கசிந்தால் சிவப்பாகத் தெரியும், அதற்காகத்தான் சாயமே. இவ்வளவு நல்ல குணமும் ஒரே ஒரு கெட்ட குணத்தோடு வருகிறது: அது எரியும். சுடர் பட்டால் அதன் ஆவி பற்றிக்கொள்ளும் வெப்பநிலை, தர விதிப்படி குறைந்தது 82 டிகிரி என்றால் போதும். கடைக்கு வரும் ஆயில்களில் இது 100 டிகிரியை ஒட்டி இருக்கும். ஒரு பிரேக் டிஸ்க் இந்தச் சூட்டை அடைய என்ன வேண்டும் என்று பார்த்தால்தான் இதன் கனம் புரியும்.

600 கிலோ எடையுள்ள விமானத்தை மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்து நிறுத்துகிறீர்கள் என்று கொள்வோம். இயக்க ஆற்றல் சுமார் 187 கிலோஜூல். ஒவ்வொரு சக்கரத்துக்கும் சுமார் 94. டிஸ்க் 1.2 கிலோ எஃகு என்றால், மொத்தமும் அதற்குள்ளேயே போனால், டிஸ்க்கின் சூடு 160 டிகிரிக்கு மேல் ஏறும். காற்றும் தரையும் ஒரு பங்கை வாங்கிக்கொள்வதால் உண்மையில் இதைவிடக் குறையும். ஆனாலும் வெயிலில் 35 டிகிரியில் தொடங்கும் டிஸ்க் 150-ஐத் தாண்டுவது அரிதான காரியமல்ல. அதே விமானத்தை 50 கிலோமீட்டர் வேகம் வரை தானாக ஓடவிட்டுப் பிறகு பிரேக்கைத் தொட்டால் ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும்; ஏற்றம் ஏறக்குறைய 50 டிகிரிதான். நீளமான ஓடுபாதை கிடைத்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது பிறக்கும் சூட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தரையில் ஊர்ந்து போகும்போது பிறக்கும் சூட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு அதுதான் பெரிய ஆதங்கம். எஞ்சின் ஐடிலில் இருந்தாலும் புரொப்பெல்லர் இழுத்துக்கொண்டே இருக்கும். டயரின் உருளல் தடை போக 100 நியூட்டன் இழுவிசை மிஞ்சுகிறது, அதை பிரேக்கால் பிடித்துக்கொண்டே 2 கிலோமீட்டர் போகிறீர்கள் என்றால், பிரேக்குக்குள் போன ஆற்றல் 200 கிலோஜூல். மேலே சொன்ன முழு நிறுத்தத்தைவிட அதிகம். மெதுவாகச் சேர்வதால் போகும் வழியில் கொஞ்சம் ஆறும். ஆனால் சக்கரத்தின் மேல் உறை போட்டிருந்தால் காற்றோட்டம் ஏது? முன்சக்கரம் தானாகத் திரும்பும் வகையாக இருந்தால் இன்னும் மோசம். சிர்ரஸ் விமானங்களைப் போல, வேகம் குறைவாக இருக்கும்போது திசை திருப்பவே பிரேக்கை மிதிக்க வேண்டியிருக்கும். அந்த வகை விமானங்களில் காலிபர் மேல் சூடு காட்டும் ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கம் உண்டு. குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் அது நிரந்தரமாகக் கறுத்துவிடும். உங்கள் விமானம் எதுவாக இருந்தாலும் ஒட்டிவையுங்கள் என்பேன். அதைப்போல மறைக்காமல் உண்மையைச் சொல்லும் கருவி வேறில்லை.

டிஸ்க்கின் சூடு உடனே ஆயிலுக்குப் போய்விடாது. நின்ற பிறகு, காற்று வீசாத நேரத்தில், டிஸ்க்கிலிருந்து, அதை அழுத்திப் பிடிக்கும் பேட் வழியாகக் காலிபருக்கு ஊறும். காலிபரும் அதன் ஓ-ரிங்கும் உச்சச் சூட்டை அடைவது விமானம் நின்று சில நிமிடங்கள் கழித்தே. நைட்ரைல் தொடர்ந்து தாங்கும் எல்லை 135 டிகிரியை ஒட்டியது. அதைத் தாண்டிப் பலமுறை வெந்தால் வளையம் விறைத்து, தட்டையாகி, வெடிப்பு விடும். ஆயில் கசிய, அது விழும் இடம் சூடான டிஸ்க். சிறு விமானங்களில் பிரேக் தீ இந்த வரிசையில்தான் வருகிறது. கடுமையாக பிரேக் பிடித்து நின்றவுடன் பார்க்கிங் பிரேக் போடாதீர்கள் என்பதற்கும் இதே காரணம். பேட் டிஸ்க்கோடு ஒட்டியிருந்தால் சூடு உள்ளே போக அகலமான பாதை கிடைத்துவிடும். கட்டை வைத்து நிறுத்துங்கள்.

5606-க்கு நல்ல மாற்று இருக்கிறது. மில்-பிஆர்எஃப்-83282 என்ற தரம், செயற்கை ஹைட்ரோகார்பனால் ஆனது. ஏரோஷெல் ஃப்ளூயிட் 31, ராய்கோ 782 இந்த வகை. இதன் ஆவி பற்றிக்கொள்ளும் வெப்பநிலை குறைந்தது 205 டிகிரி. எரியவே எரியாது என்று பொருளல்ல. 5606 பற்றிக்கொள்ளும் பல சூழல்களில் இது பற்றாது. 5606 பயன்படுத்தும் அதே நைட்ரைல் சீல்களோடு ஒத்துப்போகும், 5606-உடன் கலந்தாலும் ரப்பருக்கு எதுவும் ஆகாது. அமெரிக்க ராணுவம் தன் விமானங்கள் பலவற்றைத் தீ அபாயத்தைக் கருதியே இதற்கு மாற்றியது. ஒரே குறை, கடுங்குளிரில் இது கெட்டிப்படும். 5606-இன் கீழ் எல்லை மைனஸ் 54 என்றால் இதற்கு மைனஸ் 40. அத்தகைய குளிரில் பறப்பவர்களுக்காக மில்-பிஆர்எஃப்-87257 என்று இடைப்பட்ட ஒன்று உண்டு. மற்றவர்கள் அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. புதிதாகக் கட்டும் விமானத்துக்கு, நைட்ரைல் சிஸ்டம் என்றால், என் தேர்வு 83282 தான். தொடக்கத்திலேயே அதை மட்டும் ஊற்றுங்கள். பிறகு 5606 விட்டு மட்டம் நிரப்பினால் ரப்பர் கெடாது, ஆனால் தீயைத் தாங்கும் குணம் குறைந்துவிடும்.

காலிபர் ஓ-ரிங்கை மட்டும் விட்டான் எனப்படும் ஃப்ளூரோகார்பன் ரப்பருக்கு மாற்றுவதும் பலர் செய்வது. அது 200 டிகிரி வரை தாங்கும், 5606, 83282 இரண்டோடும் ஒத்துப்போகும். சாதாரண விட்டான் மைனஸ் 20-ஐ நெருங்கினால் விறைத்துவிடும். ஆகவே வெப்பமான இடத்தில் பறப்பவர்களுக்கு அருமையான மாற்றம், உறைபனியில் பறப்பவர்களுக்கு யோசிக்க வேண்டிய மாற்றம். டாட் ஆயில் உள்ள சிஸ்டத்தில் விட்டான் போடவே கூடாது.

கியர்பாக்ஸ் ஆயில் ஊற்றும் நண்பருக்கு ஏன் எதுவும் ஆகவில்லை என்று கேட்பீர்கள். அதுவும் பெட்ரோலியக் குடும்பம், பொதுவாக நைட்ரைலைக் கெடுக்காது. பற்றும் வெப்பநிலையும் 5606-ஐவிட அதிகம். ஆனால் அது இந்த வேலைக்குச் செய்தது அல்ல. 40 டிகிரியில் 5606-இன் பாகுத்தன்மை சுமார் 14 சென்டிஸ்டோக் என்றால் கியர்பாக்ஸ் ஆயிலுக்கு 30-க்கு மேல். குளிர் கூடக் கூட இடைவெளி பல மடங்காகும். மெல்லிய குழாயில் பாகு போல நகரும், பெடலை விட்ட பிறகு பிஸ்டன் தாமதமாகத் திரும்பும். மிதமான வெப்பத்தில் அவர் விமானம் நன்றாக ஓடுவதில் வியப்பில்லை. பிரேக் தயாரிப்பாளர் எழுத்தில் அனுமதித்திருந்தால் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

டாட் 5 பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. பெயரைப் பார்த்தால் டாட் 5.1-இன் அண்ணன் போலத் தோன்றும், உறவே கிடையாது. டாட் 5 சிலிகோன், டாட் 5.1 கிளைகால். சிலிகோன் ஈரம் இழுக்காது, பெயிண்டைத் தொடாது. ஆனால் நுண்ணிய காற்றுக்குமிழைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அழுத்தத்தில் சற்று அமுங்கும், காற்றெடுப்பது எரிச்சலான வேலை.

நிரப்பும் வேலைக்கு வந்தால், சுத்தமே பாதி. குழாய்த் திருகுகளில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதன் நூலிழை ஒன்று உள்ளே போய் மாஸ்டர் சிலிண்டரின் சிறு துளையை அடைத்தால், முன்பு சொன்ன விடாத பிரேக் உங்களுக்கும் வரும். கூம்புத் திருகுகளுக்கு அந்த ஆயிலைத் தாங்கும் பசையை முதல் இரண்டு இழைகளை விட்டுத் தடவுங்கள். விரித்த முனை கொண்ட இணைப்புகளுக்கு எதுவுமே தேவையில்லை. ஆயிலைக் கீழிருந்து மேலே செலுத்துங்கள். காலிபரின் ப்ளீடர் திருகில் தெளிவான குழாயை மாட்டி, கைப்பம்பால் மெதுவாக அழுத்தினால் காற்று தன் இயல்புப்படி மேலே ஏறி ஆயில் தொட்டி வழியாக வெளியேறும். விமான மாஸ்டர் சிலிண்டர் மிகச் சிறியது. கார் போல மேலிருந்து பெடலை மிதித்து மிதித்துத் தள்ளினால் மேட்டுப் பகுதிகளில் குமிழ் தங்கிவிடும், பெடல் மெத்தென்றே இருக்கும். தொட்டியை விளிம்புவரை நிரப்பாமல் சூட்டில் ஆயில் விரிய இடம் விடுங்கள். பம்பு, புனல், குழாய் எல்லாம் இந்த ஆயிலுக்கென்றே தனியாக இருக்கட்டும். நேற்று பைக்குக்கு டாட் 4 ஊற்றிய புனலைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துவது கூடவே கூடாது.

தொட்டி மூடியின் பக்கத்தில், அழியாத எழுத்தில், ஆயிலின் தர எண்ணை எழுதி ஒட்டுங்கள். சிவப்பு ஆயில் என்று எழுதாதீர்கள், 83282 என்றே எழுதுங்கள். நீங்கள் இல்லாத நாளில் மட்டம் குறைந்ததைப் பார்க்கும் நல்ல மனம் படைத்தவர் ஒருவர் கையில் கிடைத்ததை ஊற்றாமல் இருக்க வேண்டும்.

பிறகு முதல் முறை தரையில் ஓட்டிப் பாருங்கள். சக்கர உறையைப் போடாமல், சில முறை பிரேக் பிடித்து நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைத்து, ஒவ்வொரு காலிபருக்கும் கீழே தரையில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். பதினைந்து நிமிடம் தொடாமல் விட்டு விடுங்கள், சூடு காலிபருக்குள் ஊறி உச்சத்தைத் தொடட்டும். தாளில் சிவப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லை, சூட்டு ஸ்டிக்கர் கறுக்கவில்லை, சக்கரத்தைக் கையால் சுற்றினால் பிடிப்பில்லாமல் சுற்றுகிறது என்றால் உறையை மாட்டலாம்.